உப்பிட்டவர் யார்?

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்பது நம்மவர் வாயில் நாள்தோறும் பயிலும் பழமொழி. நன்றி மறவாமை என்னும் அறத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது அரிது. ஆயினும் இப் பழமொழியைச் சற்று உரைத்துப் பார்த்தால், அது யாரை நினைக்கச் சொல்கின்றது என்ற ஐயம் எழுகின்றது. இலையில் உப்பை இட்டவரையா, வெயிலில் நின்று அந்த உப்பை வாரியவரையா? விருந்துக்கு அழைத்த வீட்டுக்காரர் நம் நெஞ்சில் நிற்கின்றார். உப்பளத்தில் நின்றவர் அங்கு நிற்பதில்லை. உணவைக் கொடுத்தவருக்கு நன்றியும், உணவை ஆக்கியவருக்கு மறதியும் என்பதே நமது வழக்கம். மறதியோடு நின்றாலும் குற்றமில்லை. பல வேளைகளில் அது இழிவாகவும் முற்றிவிடுகின்றது.

ஒரு செயலின் பயனை ஏற்றுக்கொண்டு, அச்செயலைச் செய்த கையை மட்டும் தீண்டத்தகாதது என ஒதுக்குவது அறமாகுமா? இதுவே நாம் ஆராய விரும்பும் கேள்வி. இதனை வானத்தில் வைத்து ஆராய்வதைவிட அடுப்படியில் வைத்து ஆராய்வது நன்று. தத்துவம் அடுப்படிக்கு வர அஞ்சுமாயின் அது யாருக்கும் பயன்படாது. ஆகவே மாட்டின் நெஞ்சிறைச்சியை உப்புநீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் ஒரு சிறு வீட்டுவேலையை எடுத்துக்கொள்வோம். கடையில் தகரப்பேணியில் கிடைக்கும் 'கோர்ண்ட் பீஃப்' என்பதன் மூலவடிவம் இதுதான். 'கோர்ண்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தானியமணி என்பது பழைய பொருள். மணிமணியான கல்லுப்பில் இட்ட இறைச்சி என்பதே அப்பெயரின் கருத்து. சோளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்தில், கடனீரேரியின் கரையில் அமைந்திருக்கின்றது கொழும்புத்துறை. ஒரு காலத்தில் இங்கிருந்து பூநகரிக்குத் தோணிகள் சென்றன. யோகர் சுவாமிகள் 1964இல் மறையும்வரை நெடுங்காலம் வாழ்ந்த குடில் இவ்வூரிலேயே இருந்தது. கத்தோலிக்கக் குருமாரைப் பயிற்றும் புனித சவேரியார் குருமடமும் இவ்வூரிலேயே இருக்கின்றது. கடலை நம்பி வாழ்வோரும், உத்தியோகத்தை நம்பி வாழ்வோரும், கூலிவேலையை நம்பி வாழ்வோரும் இங்கு அடுத்தடுத்து வாழ்கின்றனர். மரக்கறி உணவன்றி வேறொன்றும் தொடாத வீட்டின் வேலிக்கு அப்பால் கருவாடு காய்கின்றது. உணவைப் பற்றிய அறக்கேள்வி ஒன்றைக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எது?

இத்தகைய ஊரில் ஒரு வீட்டார், பேணி வாங்குவதை விட்டு, தாமே உப்பிறைச்சி செய்ய முற்படுவதாகக் கொள்வோம். அவர்கள் செய்ய வேண்டியவை இவை. மாட்டின் முன்னங்கால்களுக்கு இடையிலுள்ள நெஞ்சிறைச்சியில் 2 கிலோ வாங்க வேண்டும். உடலின் பாரத்தைத் தாங்கி ஓயாது உழைத்த தசை அது, நார் மிகுந்தது, கடினமானது, அதனாலேயே நெடுங்காலம் மலிவாக விற்கப்பட்டது. 2 லீற்றர் நீரில் ஏறத்தாழ 200 கிராம் உப்பும் 100 கிராம் சீனியும் இட்டு, மிளகு, மல்லி, கடுகு, கிராம்பு, கறுவா, உள்ளி, இஞ்சி ஆகியவற்றைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட வேண்டும். ஆறிய நீரில் இறைச்சியை முற்றாக அமிழ்த்தி, மேலே கிளம்பாதபடி பாரம் வைத்து, குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகை செல்சியசுக்குக் கீழான குளிரில் ஏழு நாளளவு வைத்து, நாளுக்கொரு முறை புரட்டிவிட வேண்டும். பின்னர் எடுத்துக் கழுவி, புதிய நீரில் இட்டு, மெல்லிய தீயில் மூன்று மணி நேரம் வேகவைக்க வேண்டும். இணைப்பிழையம் கரைந்து களியாக, கல்லாக இருந்த தசை விரலுக்கு இசையும். நாரின் குறுக்கே அரிந்து பரிமாறலாம்.

இவ்வளவுதான் வேலை. ஆனால் இதற்குள் நிகழ்வன பல. உப்பு முதலில் இறைச்சியிலுள்ள நீரை வெளியே இழுக்கின்றது. பின்னர் தானே உள்ளே பரவுகின்றது. அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நீர் அவற்றுக்குக் கிட்டாமற் போகின்றது. தசையின் புரதம் தளர்ந்து, வேகும்போது சாற்றை இழக்காது பிடித்துக்கொள்கின்றது. குளிர்நாட்டார் மாரிக்காலத்துக் குளிரைத் துணைகொண்டு இதனைச் செய்தனர். நமது வெப்பத்தில் குளிர்சாதனப் பெட்டியின்றிச் சாடியில் வைத்தால் இறைச்சி உப்பை முந்திக்கொண்டு கெட்டுவிடும். ஆதலின் நம் முன்னோர் வேறொரு துணையைத் தேடினர். இறைச்சியை மெல்லிய கீற்றுகளாக அரிந்து, உப்புத் தடவி, வெயிலில் உலர்த்தி உப்புக்கண்டமாக்கினர். அங்கே குளிர் செய்த வேலையை இங்கே வெயில் செய்தது. உப்பு இரண்டிடத்திலும் பொது. அதைக் கையாண்ட மனிதரின் அறிவும் பொது.

கடையிற் கிடைக்கும் உப்பிறைச்சியின் இளஞ்சிவப்பு நிறம் வெறும் உப்பினால் வருவதன்று. அது வெடியுப்பின் வேலை. அதிலுள்ள நைத்திரேற்று நுண்ணுயிர்களால் நைத்திரைற்றாக மாறி, தசையின் செந்நிறப் பொருளோடு கூடுவதால் அந்நிறம் நிலைக்கின்றது என்பதை 1901இல் விளக்கியவர் ஸ்கொட்லாந்து உடலியலறிஞர் ஜே. எஸ். ஹால்டேன். மார்க்சிய அறிஞராகப் பெயர்பெற்று, 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேன் இவருடைய மகன். நைத்திரைற்று உயிர்கொல்லும் பொட்டுலிச நஞ்சு இறைச்சியில் உண்டாகாமல் தடுக்கின்றது. அளவு மீறினால் அதுவே நஞ்சாகின்றது. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கவல்லது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. ஆகவே வீட்டில் செய்வோர் இதனைக் கைமதிப்பாகச் சேர்க்கலாகாது. சேர்க்காமலே விட்டால் இறைச்சி சாம்பல் நிறமாகும். குளிரும் தூய்மையும் சரியாக இருந்தால் சுவை குறையாது. எப்படிச் செய்தாலும் இது எப்போதாவது உண்பதற்குரியதேயன்றி நாள்தோறும் உண்பதற்குரியதன்று. வெடிமருந்தின் முதன்மைக் கூறும் இதே வெடியுப்புத்தான். பீகாரின் மண்ணிலிருந்து அதனை எடுத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாகக் கொண்டு சென்றது. பொருளுக்குத் தானாக அறமில்லை. அதைக் கொள்ளும் கையும் நோக்குமே அறத்தைத் தீர்மானிக்கின்றன. இக் கருத்தை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

நமது வீட்டார் முதலில் சந்திப்பது இறைச்சிக் கடைக்காரரை. இங்கேதான் நமது அறவுணர்வு முதன்முதலாகத் தடுமாறுகின்றது. வாங்குபவர் மரியாதைக்குரிய குடும்பத்தவர், விற்பவர் 'கசாப்புக்காரர்'. ஒருவர் தின்பதற்காகக் கொன்றவர் பாவியாகின்றார். தின்றவர் கையைக் கழுவிவிட்டு எழுந்து போகின்றார். இந்தக் கணக்கு வள்ளுவருக்கு உடன்பாடன்று. புலால் மறுத்தலைப் பற்றிய அதிகாரத்தில் அவர் விற்பவனை மட்டும் குறைகூறி நிற்கவில்லை. தின்பவர் இல்லையேல் விற்பவரும் இல்லை என்ற உண்மையை எடுத்துக்காட்டி, பொறுப்பின் பெரும்பாகத்தை வாங்குபவர் தலையில் வைத்தார். இறைச்சியை முற்றாக மறுக்கச் சொன்ன அறநூலே கொல்பவனை இழிகுலத்தவனாக்கித் தின்பவனைத் தப்பவிடவில்லை. அந்த வேலையைச் செய்தது பின்னாளைய சாதிச் சமுதாயம்.

அச்சமுதாயம் காரணத்தையும் காரியத்தையும் தலைகீழாக்கியது. இறந்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலையை ஒரு பகுதி மக்கள்மீது சுமத்தியது. அவர்களுக்கு நிலத்தையும் கூலியையும் மறுத்தது. அந்த மாட்டின் இறைச்சியன்றி வேறு உணவில்லாத நிலையில் அவர்களை வைத்தது. பின்னர், 'இவர்கள் மாடு தின்பவர்கள், ஆகவே தீண்டத்தகாதவர்கள்' என்று தீர்ப்புக் கூறியது. தீண்டாமையின் தோற்றத்துக்கும் மாட்டிறைச்சிக்கும் உள்ள தொடர்பை அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட நூலொன்றில் விரிவாக ஆராய்ந்தார். அவருடைய வரலாற்று முடிவுகள் சிலவற்றில் அறிஞர்கள் வேறுபடலாம். ஆயினும் உணவைக் காட்டி மனிதரை ஒதுக்கும் வழக்கம் தெய்வத்தின் கட்டளையன்று, மனிதர் செய்த ஏற்பாடு என்று அவர் காட்டியதை யாரும் எளிதில் மறுக்க முடியாது.

மாட்டின் தோலுக்கு வந்தால் இந்த முரண்பாடு இன்னும் வெளிச்சமாகின்றது. கச்சேரி மேடையில் ஒலிக்கும் மிருதங்கத்துக்கு மாட்டுத் தோலும், ஆட்டுத் தோலும், எருமைத் தோலும் வேண்டும். நாதம் தெய்விகமானது, அதை வாசிப்பவர் வித்துவான், ஆனால் தோலைத் தேர்ந்து, பதமாக்கி, சுருதி கூட்டித் தந்தவர் பெயர் எங்கும் அச்சிடப்படுவதில்லை. மிருதங்கம் செய்வோரைப் பற்றி இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூல் எழுதியபோது, அதன் வெளியீட்டுக்கு இடமளிக்க இசைந்திருந்த சென்னைக் கலாக்ஷேத்திரம் பின்னர் அந்த இசைவைத் திரும்பப் பெற்றது. ஒலியைக் கேட்கச் சம்மதித்த காதுகளுக்கு அதன் வரலாற்றைக் கேட்கச் சம்மதமில்லை.

யாழ்ப்பாணத்தின் அண்மைக்கால வரலாற்றில் இதனோடு சேர்த்து எண்ணவேண்டிய கசப்பான ஒரு பக்கமும் உண்டு. இந்நகரில் இறைச்சித் தொழிலைச் செய்துவந்தோருள் முஸ்லிம்கள் பலர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் 70,000 பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் தம் வீடுவாசல்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. அதற்கான அரசியற் காரணங்கள் வேறு. உணவு அதற்குக் காரணமன்று. ஆனால் அவர்கள் போனபின் நம் தெருக்களில் நிலவிய மௌனத்தை நாம் ஆராயாது விட முடியாது. நாள்தோறும் யாருடைய கையிலிருந்து பொருளை வாங்கினோமோ அவர் ஒரே நாளில் இல்லாமற் போனபோது, அவரை நம்மவர் என்று எண்ணாத மனம் நம்முள் முன்னரே இருந்ததல்லவா? பண்டத்தை மட்டும் காணவும், பண்டத்துக்குப் பின்னாலுள்ள மனிதனைக் காணாதிருக்கவும் பழகிய கண், அம் மனிதன் காணாமற் போனதையும் காண்பதில்லை.

இங்கே மரக்கறி உணவினரான நண்பர் ஒருவர் எழுந்து, 'நாங்கள் இக்கணக்கில் சேரமாட்டோம். எங்கள் இலையில் உயிர்க்கொலை இல்லை' என்று கூறலாம். உயிரிரக்கத்தால் புலாலை மறுப்பவரை நாம் மதிக்கின்றோம். அது அரிய ஒழுக்கம். உலகெங்கும் காடழித்து மாட்டுப் பண்ணைகள் பெருகும் இக்காலத்தில் அதற்குப் புதிய நியாயங்களும் சேர்ந்துள்ளன. ஆனால் அவர் தயிரும் நெய்யும் உண்பவராயின், கணக்கிலிருந்து முற்றாக விலகிவிட்டார் என்று சொல்வதற்கில்லை. பசு பால் தரவேண்டுமானால் கன்று ஈனவேண்டும். பிறக்கும் கன்றுகளில் பாதி நாம்பன்கள். உழவு இயந்திரம் வந்தபின் நாம்பனுக்கு வயலில் வேலையில்லை. பால் வற்றிய பசுவையும் வேலையற்ற நாம்பனையும் தீனி போட்டு இறுதிவரை காக்கும் வசதி ஏழைக் குடியானவனுக்கு இல்லை. தரகர் வருகின்றார்; பணம் கைமாறுகின்றது; மாடு வேறு ஊருக்குப் போகின்றது. அது எங்கே போகின்றது என்று கேட்காமலிருப்பதே நம்மிற் பலருடைய அகிம்சை. பாற்குடமும் இறைச்சிக் கடையும் ஒரே பொருளாதாரத்தின் இரண்டு வாயில்கள். ஒன்றில் நின்றுகொண்டு மற்றதைப் பழிப்பது எளிது. இரண்டையும் இணைக்கும் வழியில் நடந்து பார்ப்பது கடினம்.

நமது வீட்டார் இரண்டாவதாகத் தேடுவது உப்பு. குடாநாட்டின் வாயிலான ஆனையிறவில் பெரிய உப்பளம் ஒன்று ஆங்கிலேயர் காலத்திலிருந்தே இயங்கியது. போர் முற்றிய 1990இல் அது நின்றுபோயிற்று. அதே ஆண்டிற் குடாநாட்டுக்கு வந்த மின்சாரமும் அறுந்தது. மின்சாரமில்லாமற் குளிர்சாதனப் பெட்டிகள் வெறும் அலமாரிகளாயின. உப்பும் வெயிலும் மீண்டும் நம் உணவைக் காக்க வேண்டிய அந்நாளில், உப்புவிளையும் மண் போர்க்களமாகிக் கிடந்தது. உப்பின் அருமை அதை இழந்த நாளில் தெரியும் என்பது நம் தலைமுறைக்கு வெறும் வாசகமன்று.

போர் ஓய்ந்தபின் ஆனையிறவில் மீண்டும் உப்பு விளைந்தது. 2025 மார்ச்சில் அங்கே மேசையுப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது, அந்த உப்புக்குச் சிங்களத்தில் 'ரஜ லுணு' என்று பெயரிட்டமை கண்டனத்துக்குள்ளாயிற்று. தமிழர் மண்ணில் விளைந்த உப்புக்கு அம்மண்ணின் பெயர் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. ஆனால் அதே ஆண்டில் அவ்வுப்பளத்தின் தொழிலாளர் தம் வேலை நிலைமைகளுக்காகப் போராடியபோது, பெயருக்காக எழுந்த குரல்கள் அத்தனையும் அவர்களுக்காகவும் எழுந்தனவா? பொதியின் மேலுள்ள எழுத்து எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று கேட்கும் நாம், பொதிக்குள்ளிருப்பதை வாரியவர் எந்த நிலையில் இருக்கின்றார் என்பதையும் கேட்க வேண்டாமா? உப்பு வயலின் வெண்மையில் வெயில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கெடுக்கின்றது. உவர்நீர் பாதத்தை வெடிக்கச் செய்கின்றது. தூத்துக்குடியிலும் ஆனையிறவிலும் உப்பு ஒன்றே. உப்பள உழைப்பாளியின் பாதமும் ஒன்றே.

இனித் தகரப்பேணிக்கு வருவோம். நமது வீட்டார் இத்தனை சிரமப்படாமல் பேணி ஒன்றை வாங்கித் திறந்திருக்கலாம். பேணியின் வசதியே அதில் யாரையும் சந்திக்க வேண்டியதில்லை என்பதுதான். கத்தியில்லை, இரத்தமில்லை, கடைக்காரர் முகமில்லை. ஆனால் பேணிக்குள்ளும் வரலாறு அடைபட்டிருக்கின்றது.

பதினேழாம் நூற்றாண்டில் அயர்லாந்து மாடுகள் உயிருடன் இங்கிலாந்தில் இறங்குவதை இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1663லும் 1667லும் இயற்றிய சட்டங்களால் முதலிற் கட்டுப்படுத்திப் பின் அடியோடு தடுத்தது. உயிருடன் அனுப்ப முடியாத மாட்டை அயர்லாந்து வணிகர் உப்பிலிட்டு அனுப்பினர். கோர்க் துறைமுகம் உப்பிறைச்சியின் தலைநகராயிற்று. அங்கிருந்து சென்ற பீப்பாய்கள் ஆங்கிலக் கடற்படையை ஊட்டின. மட்டமான இறைச்சி மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கு உணவாயிற்று. மாட்டை மேய்த்த அயர்லாந்துக் குடியானவனோ அதை வாங்க வகையின்றி உருளைக்கிழங்கை நம்பி வாழ்ந்தான். 1845இல் அக்கிழங்கை நோய் தாக்கியது. அதனால் வந்த பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அப்போதும் அந்நாட்டிலிருந்து உணவுப் பொருள்கள் கப்பலேறிக்கொண்டிருந்தன. பஞ்சத்தில் தப்பி நியூயோர்க் சென்ற அயர்லாந்து ஏழைகள் அங்கே யூத இறைச்சிக் கடைக்காரரிடம் மலிவான நெஞ்சிறைச்சியை வாங்கி உப்பிறைச்சி உண்ணத் தொடங்கினர். தாம் பிறந்த மண்ணில் கிட்டாத உணவு, அந்நிய மண்ணில், வேறு மதத்தவரான இன்னோர் ஏழையின் கையிலிருந்து கிடைத்தது. மனித உறவைப் பற்றி இதைவிட நல்ல பாடம் வேறென்ன?

உருகுவே நாட்டின் ஃபிரே பெந்தோஸ் நகரில் 1865இல் தொடங்கிய லீபிக் கம்பெனி, 1873இல் உப்பிறைச்சியைப் பேணியில் அடைக்கத் தொடங்கியது. முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளில் போர்வீரர் தின்றது அத்தகைய பேணிகளையே. அத்தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. 2015இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. இதே தொழிலின் வடஅமெரிக்க முகத்தை அப்டன் சிங்கிளேர் 'தி ஜங்கிள்' என்ற நாவலில் 1906இல் காட்டினார். சிக்காகோவின் இறைச்சித் தொழிற்சாலைகளில் குடியேறிய தொழிலாளர் படும் பாட்டைக் காட்டுவதே அவருடைய நோக்கம். படித்தவர்களோ தம் உணவில் என்ன கலந்திருக்கின்றது என்று பதறினர். அவ்வாண்டிலேயே உணவுத் தூய்மைக்கும் இறைச்சிப் பரிசோதனைக்கும் சட்டங்கள் வந்தன. தொழிலாளரின் துயரத்துக்கு அவ்வளவு விரைவான சட்டம் வரவில்லை. உண்பவன் தன் வயிற்றைப் பற்றிக் கவலைப்பட்டான். வெட்டியவனின் விரலைப் பற்றிக் கவலைப்படவில்லை.

இம் மனப்பாங்கின் உச்சத்தை நமது நாட்டிலேயே கண்டோம். 2020 செப்டெம்பரில் இலங்கையில் மாடு வெட்டுதலைத் தடைசெய்யும் முன்மொழிவை அமைச்சரவை ஏற்றது. அதே தீர்மானத்தில், மாட்டிறைச்சி உண்போருக்காக அதனை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து சலுகை விலையில் வழங்குவது என்றும் இருந்தது. இதன் அறம் என்ன? இலங்கை மாட்டின் உயிர் உயிர். பிற நாட்டு மாட்டின் உயிர் உயிரன்றா? கத்தி கடலுக்கு அப்பால் இருந்தால் கொலை கொலையல்லாமற் போகுமா? உள்ளூர்க் கடைக்காரரின் தொழிலை, அவருள்ளும் பெரும்பாலும் சிறுபான்மையினரான ஏழைகளின் தொழிலை, ஜீவகாருண்யத்தின் பெயரால் நிறுத்திவிட்டு, பன்னாட்டு வணிகரிடம் பேணி வாங்குவது எந்தப் புத்தர் சொன்ன, எந்தச் சித்தர் சொன்ன அறம்? குடாநாட்டிலும் மாட்டிறைச்சிக் கடைகளை மூடவேண்டும் என்ற குரல்கள் அண்மைக் காலத்தில் எழுந்துள்ளன. அவற்றைக் கேட்கும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: இந்த இரக்கம் மாட்டின்மீது பிறந்ததா, மனிதர்மீது கொண்ட வெறுப்பு மாட்டின் தோலைப் போர்த்து வந்ததா?

இனி, நமது பக்கத்திலிருந்தே எழக்கூடிய ஓர் ஆட்சேபத்தையும் எதிர்கொள்ள வேண்டும். 'அவரவர் உணவை அவரவரே வீட்டில் பதப்படுத்தினால் உலகம் திருந்திவிடுமா? இது டால்ஸ்டாயின் பண்ணைக்குத் திரும்பும் கனவன்றோ? தொழிற்பிரிவு மனித முன்னேற்றத்தின் அடிப்படையல்லவா?' என்று முற்போக்கு மாணவர் ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஒவ்வொருவரும் தம் உப்பைத் தாமே விளைவித்து, தம் மாட்டைத் தாமே அறுத்து, தம் செருப்பைத் தாமே தைத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வேலையைப் பகிர்ந்துகொள்வதால்தான் மனிதன் மனிதனானான். தொழிற்பிரிவு வேறு, அத்தொழில்களைப் படிக்கட்டாக அடுக்கி மேற்படியில் நிற்பவனைத் தூயவன் என்றும் கீழ்ப்படியில் நிற்பவனை இழிந்தவன் என்றும் பிறப்பால் விதிப்பது வேறு. முன்னது ஒத்துழைப்பு, பின்னது சுரண்டல். தூய்மை என்று சாதிச் சமுதாயம் அழைப்பதைக் கூர்ந்து நோக்கினால், அது அழுக்கான வேலையைப் பிறர் கையில் தள்ளிவிடும் வசதியேயன்றி வேறில்லை என்பது புலப்படும். ஆகவே தூய்மையும் ஒரு வகைச் சொத்தாகின்றது. எல்லாச் சொத்தையும் போலவே அதுவும் பிறருடைய உழைப்பால் சேர்க்கப்படுகின்றது.

அவ்வாறாயின் வீட்டில் உப்பிறைச்சி செய்வதால் என்ன பயன்? உலகம் அதனால் மாறாது. ஆனால் ஒரு சிறு கல்வி கிடைக்கின்றது. கடினமான தசையைக் கையில் எடுத்து, உப்பின் அளவைச் சரிபார்த்து, ஏழு நாள் பொறுத்திருந்து, நாள்தோறும் புரட்டிவிட்டவர், அவ்வேலையைப் பிழைப்பாகச் செய்பவரை இகழ்வதற்கு முன் ஒரு கணம் தயங்குவார். கை அறிந்ததை மனம் எளிதில் மறுப்பதில்லை. கடைக்காரரின் கத்திக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும், கருவாடு போடும் பெண் வெயிலையும் உப்பையும் எத்தனை நுட்பமாக மதிப்பிடுகின்றாள் என்பதெல்லாம் அப்போது விளங்கும். அதுவரை 'வாடை' என்று மூக்கைப் பொத்தியவருக்கு அங்கே ஓர் அறிவுத்துறை இருப்பது தெரியவரும்.

ஆனால் கல்வி அத்தோடு நின்றுவிட்டால் அது வெறும் பொழுதுபோக்காகும். அது சமுதாயச் செயலாக மாறவேண்டும். நகரத்தின் இறைச்சித் தொழிலாளருக்குச் சுகாதாரமான தொழிற்கூடமும் ஓடும் நீரும் பாதுகாப்பும் வேண்டும் என்று கோருவது உண்பவரின் கடமை. உப்பளத் தொழிலாளரின் ஊதியத்தைப் பற்றிப் பேசுவது உப்பிடும் ஒவ்வொரு வீட்டின் கடமை. வெளியேற்றப்பட்டு மீண்டுவந்த அயலவருக்கு வீடும் காணியும் தொழிலும் திரும்பக் கிடைப்பதற்குத் துணைநிற்பது அவர்களிடம் பொருள் வாங்கி உண்ட நகரத்தின் கடன்.

ஆசிரியர்களுக்கு இன்னும் அண்மையான ஒரு கடமை உண்டு. இலங்கையில் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. அதன் பின்னரும் தேநீர்க்கடையில் சமமாக அமர்வதற்கும், 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழைவதற்கும் மக்கள் போராட வேண்டியிருந்தது. சட்டத்தால் கதவைத் திறக்கலாம். மூக்கைச் சுளிக்கும் பழக்கத்தை அது மாற்றாது. வகுப்பறையில் மதிய உணவுப் பொதியை அவிழ்க்கும் பிள்ளை, பக்கத்திலிருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு அதனை மறைத்து உண்ணும் நிலை எங்காவது இருக்குமாயின், அங்கே தீண்டாமை இன்னும் பாடம் நடத்திக்கொண்டிருக்கின்றது. அந்தப் பாடத்தை நிறுத்தக்கூடியவர் ஆசிரியரே. 'அவன் என்ன தின்கின்றான்' என்ற கேள்வியை மாற்றி, 'இதை நமக்கு ஆக்கித் தந்தவர் யார், அவருக்கு நாம் என்ன திருப்பிக் கொடுத்தோம்' என்ற கேள்வியைப் பிள்ளைகள் கேட்கப் பழகினால் போதும்.

எதை உண்பது, எதை மறுப்பது என்பதை ஒவ்வொருவரும் தம் மனச்சான்றின்படி தீர்மானித்துக்கொள்ளட்டும். அதில் தலையிட நாம் வரவில்லை. ஆனால் எந்தக் கையின் வேலையை நாம் ஏற்கின்றோமோ அந்தக் கையைப் பற்றிக் குலுக்க மறுப்பதற்கு நமக்கு உரிமையில்லை. ஊறப்போட்டவரும், அரிந்தவரும், அறுத்தவரும், மேய்த்தவரும், உவர்நீரில் நின்று வாரியவரும் ஆகிய இத்தனை பேரும் சேர்ந்தே நமக்கு உப்பிட்டவர்கள். உள்ளளவும் நினைக்க வேண்டியவர் பட்டியலில் அவர்கள் பெயர்களை முதலில் எழுதுவோம்.